சாலேயிடம் பணத்தை எப்படிக் கொடுப்பது? நாலு வழி, ஒரே ஏமன்

"சித்தப்பா, நான் அமெரிக்கா" என்று ராத்திரி பத்தரை மணிக்கு போன். அண்ணன் மகள்தான். கல்லூரியில் மாதிரி ஐ.நா. சபை நடத்துகிறார்களாம், இவளுக்கு அமெரிக்க நாற்காலி விழுந்திருக்கிறது. தலைப்பு இதுதான்: தீவிரவாத ஒழிப்பில் கூட நிற்கிற, ஆனால் ஊழலிலும் குடும்ப ஆட்சியிலும் ஊறிப்போன ஒரு நாட்டுக்கு உதவிப் பணத்தை எப்படிக் கொடுப்பது. நாலு வழியை எழுதிக் கொடுத்து ஒன்றை எடுத்து வாதாடு என்று சொல்லிவிட்டார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் இரண்டு பேர் இதே கேள்வியோடு முன்பே வந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: நாலில் எதைக் கேட்டாலும் நியாயமாகத்தான் தெரிகிறது.

நாட்டின் பெயரே சொல்லாமல் பேசினால் அப்படித்தான் தெரியும். அதனால் ஒரே நாட்டை எடுத்துக்கொள்வோம். ஏமன். அமெரிக்கா இந்த நாலு வழியையும் அங்கே ஒரே ஆளிடம் போட்டுப் பார்த்திருக்கிறது. அந்த ஆள் அலி அப்துல்லா சாலே. 1978-ல் வடக்கு ஏமனின் அதிபரானார், 1990-ல் வடக்கும் தெற்கும் இணைந்தபோது ஒன்றுபட்ட நாட்டுக்கும் அவரே தலைவர், 2012 தொடக்கம் வரைக்கும் நாற்காலியை விடவில்லை. ஏமனை ஆள்வது பாம்புகளின் தலைமேல் ஆடுவது மாதிரி என்று சொல்வாராம். ஆடத் தெரிந்தவர்தான்.

## முதலில் அளவுகோல்

வழிகளைப் பார்ப்பதற்கு முன்னால் எதை வைத்து அளக்கிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னதே சரி என்று ஆகிவிடும். என்னுடைய அளவுகோல் நாலு.

1. பிரச்சினை தீர்ந்தால் வாங்குகிறவருக்கு லாபமா, நஷ்டமா? பலரும் கேட்க மறக்கிற கேள்வி இது.
2. நிறுத்திவிடுவேன் என்று சொன்னால் அவர் நம்புவாரா? நம்பாவிட்டால் எந்த நிபந்தனையும் வெறும் காகிதம்.
3. போன பணத்தைப் பின்னால் போய்த் தேட முடியுமா?
4. அந்த ஆள் போன பிறகு நாட்டில் என்ன மிஞ்சும்?

ஜனநாயகச் சீர்திருத்தம் எங்கே என்று கேட்பீர்கள். இரண்டாவதிலும் நாலாவதிலும் அது ஒளிந்திருக்கிறது. தனியாக ஒரு தலைப்பு போட்டால் எல்லோரும் நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

## வழி ஒன்று: முதலில் பாதுகாப்பு, மற்றதெல்லாம் அப்புறம்

2000 அக்டோபர் 12. ஏடன் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்ப நின்ற யு.எஸ்.எஸ். கோல் என்ற போர்க்கப்பலின் பக்கத்தில் ஒரு சின்னப் படகு வந்து வெடித்தது, அமெரிக்கக் கடற்படையினர் 17 பேர் செத்தார்கள். அடுத்த வருஷம் செப்டம்பர் 11. அது முடிந்து இரண்டு மாதத்தில் சாலே வாஷிங்டனுக்கே போய் நான் உங்கள் பக்கம் என்று சொல்லிவிட்டு வந்தார். 2002 நவம்பரில் மாரிப் பகுதியில் சி.ஐ.ஏ.வின் ட்ரோன் ஒன்று காரில் போய்க்கொண்டிருந்த, கோல் தாக்குதலுக்காகத் தேடப்பட்ட அல்-கொய்தா ஆள் அபு அலி அல்-ஹாரித்தியைக் கொன்றது. ஆப்கானிஸ்தானுக்கு வெளியே இப்படி ஆளைக் குறிவைத்து நடத்திய முதல் ட்ரோன் தாக்குதல் அதுதான். இந்த வழியின் பலம் அதில் தெரிகிறது: வேகம். நாடாளுமன்றம், தணிக்கை, டெண்டர் எதுவும் குறுக்கே வராது, ஒரே ஆள் தலையாட்டினால் போதும்.

இதன் மறைமுகச் செலவைப் பார்க்க ஒரே ஒரு சந்திப்பு போதும், 2010 ஜனவரி 2 அன்று ஏமன் தலைநகர் சனாவில் நடந்தது. ஒரு வாரம் முன்னால்தான், கிறிஸ்துமஸ் அன்று, உள்ளாடையில் குண்டை மறைத்துக்கொண்டு டெட்ராய்ட் விமானத்தில் ஏறிய இளைஞன் பிடிபட்டிருந்தான். அவனைத் தயார் செய்தது ஏமனில் இருந்த அல்-கொய்தா கிளை. அமெரிக்கத் தளபதி டேவிட் பெட்ரேயஸ் பறந்து வருகிறார். 2009-ல் 6.7 கோடி டாலராக இருந்த பாதுகாப்பு உதவியை 15 கோடியாக்கக் கேட்டிருக்கிறேன் என்கிறார். சாலே பன்னிரண்டு போர் ஹெலிகாப்டர் கேட்கிறார். அமெரிக்கத் தாக்குதல்களைப் பற்றிப் பேச்சு வரும்போது, "குண்டுகள் எங்களுடையவை, உங்களுடையவை அல்ல என்றே சொல்லிக்கொண்டிருப்போம்" என்கிறார். பக்கத்தில் இருந்த துணைப் பிரதமர் ரஷாத் அல்-அலிமி, நாடாளுமன்றத்தில் இப்போதுதான் பொய் சொல்லிவிட்டு வந்தேன் என்று ஜோக் அடிக்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜிபூட்டி நாட்டிலிருந்து ஆயுதமும் போதைப்பொருளும் கடத்தி வருவதுதான் கவலை, விஸ்கி வந்தால் பரவாயில்லை, ஆனால் நல்ல விஸ்கியாக இருக்க வேண்டும் என்று சாலே சொல்கிறார். இதெல்லாம் அமெரிக்கத் தூதரகமே எழுதி அனுப்பிய குறிப்பில் இருக்கிறது, அதே ஆண்டு நவம்பரில், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் வழியாக உலகமே படித்தது.

அந்த ஜோக்குக்குப் பின்னால் என்ன இருந்தது? இரண்டு வாரம் முன்பு, 2009 டிசம்பர் 17 அன்று, அல்-மஜாலா என்ற ஊரில் அமெரிக்க ஏவுகணை விழுந்து 41 பொதுமக்கள் செத்திருந்தார்கள், அதில் 21 பேர் குழந்தைகள். ஏமன் அரசு தன் விமானப்படை செய்தது என்று சொல்லியிருந்தது. அதாவது, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்கிற அரசு வேண்டும் என்று ஒரு பக்கம் உபதேசம் நடக்கிறது, அந்த நாடாளுமன்றத்திடம் பொய் சொன்னதை இன்னொரு அறையில் கேட்டுச் சிரிக்கிறார்கள். சீர்திருத்தப் பேச்சை யார் மதிப்பார்கள்?

இன்னொரு செலவும் உண்டு. யாருக்கு ஆயுதமும் பயிற்சியும் போனது என்று பாருங்கள். குடியரசுக் காவல் படைக்கு சாலேயின் மகன் அஹ்மத் தலைவர். தீவிரவாத எதிர்ப்புப் பிரிவை வைத்திருந்த மத்தியப் பாதுகாப்புப் படையில் சகோதரர் மகன் யாஹ்யா. உளவு அமைப்பில் இன்னொரு சகோதரர் மகன் அம்மார். அல்-கொய்தாவைப் பிடிக்கப் பயிற்சி கொடுத்த பிரிவை வடக்கே ஹூதிகள் என்ற கிளர்ச்சிக் குழுவோடு நடந்த சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அமெரிக்கத் தூதரகமே 2009-ல் புலம்பியது. 2011-ல் மக்கள் தெருவுக்கு வந்ததும் அந்தப் படைகள் சனாவிலேயே, குடும்பத்தின் பக்கத்திலேயே நின்றன. தெற்கே ஜின்ஜிபார் நகரம் அல்-கொய்தா ஆட்களின் கைக்குப் போனது. 2015-ல் நாடே சிதறிய பிறகு கணக்குப் பார்த்தால், 2007-லிருந்து கொடுத்ததில் 50 கோடி டாலருக்கு மேற்பட்ட தளவாடம் எங்கே போனது என்று பென்டகனால் சொல்ல முடியவில்லை.

இது பொருந்தும் இடம்: நாளைக்கே குண்டு வெடிக்கும் என்ற நிலையில், குறிப்பிட்ட ஆளைக் குறிப்பிட்ட நாளுக்குள் நிறுத்த வேண்டியபோது. வாரக்கணக்கில், அதிகம் போனால் மாதக்கணக்கில். வருஷக்கணக்கில் இழுத்தால் அது வாடகை.

## வழி இரண்டு: நிபந்தனை போட்டுக் கொடுப்பது

2004-ல் அமெரிக்கா மிலேனியம் சேலஞ்ச் கார்ப்பரேஷன் என்று ஓர் உதவி நிறுவனத்தைத் தொடங்கியது. பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியல் மாதிரி: ஆட்சி எப்படி, சுகாதாரத்துக்கும் கல்விக்கும் எவ்வளவு, பொருளாதாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று மார்க் போடுவார்கள், ஊழல் கட்டுப்பாட்டில் மட்டும் தேறியே ஆக வேண்டும், மற்றதில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் சரி. ஏமன் வாசற்படி வரைக்கும் வந்திருந்தது. 2005 நவம்பரில் சாலே வாஷிங்டன் போகிறார், அல்-கொய்தாவை அடக்கிவிட்டோம், பாராட்டு கிடைக்கும் என்ற நினைப்பில். கிடைத்த செய்தி: உங்கள் ஊழல் மார்க் விழுந்துவிட்டது, திட்டம் நிறுத்தம். கொஞ்ச நாளிலேயே உலக வங்கியும் தன் உதவியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டியது.

வேலை செய்ததா? ஓரளவு செய்தது, அதை மறைக்கக் கூடாது. 2006-ல் சொத்துக் கணக்குக் காட்டும் சட்டமும் ஊழல் தடுப்புச் சட்டமும் வந்தன, 2007-ல் ஊழல் ஒழிப்புக்குத் தனி ஆணையம். 2006 செப்டம்பர் அதிபர் தேர்தலில் பைசல் பின் ஷம்லான் என்ற நேர்மையான மனிதர் உண்மையிலேயே எதிர்த்து நின்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கினார், அந்தப் பகுதியில் அது சின்ன விஷயமில்லை. 2007 பிப்ரவரியில் அமெரிக்கா ஏமனை மறுபடியும் சேர்த்துக்கொண்டது. சுமார் 2 கோடி டாலர். அக்டோபரில் கோல் கப்பல் வழக்குக் குற்றவாளி ஜமால் அல்-பதவியை வீட்டுக் காவலில் விட்டுவிட்டார்கள் என்ற செய்தி வெளியானது, மறுபடியும் நிறுத்தம். ஊழலுக்கு என்று போட்ட நிபந்தனையைத் தீவிரவாதத்துக்காக இழுத்தார்கள். சாலே இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்? சட்டம் போட்டாலும் போடாவிட்டாலும் வாஷிங்டனின் கோபம் வேறு எதிலோ இருக்கிறது என்றுதானே?

மறைமுகச் செலவு இன்னும் ஒன்று, காகிதச் சீர்திருத்தம். ஆணையம் இருக்கும், கட்டடம் இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும். ஆனால் சாலே ஆட்சியில் சேர்த்த சொத்து 3,200 கோடியிலிருந்து 6,000 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2015-ல் மதிப்பிட்டது. ஆணையம் வேலை செய்த ஆண்டுகளும் அதில் அடக்கம்.

நிபந்தனை எங்கே பலிக்கிறது என்பதற்கு மடகாஸ்கரைப் பாருங்கள். இந்தத் திட்டத்தில் முதல் ஒப்பந்தம் போட்டதே அந்த நாடுதான். 2009-ல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது, ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள், பேச்சே இல்லை. ஏன் முடிந்தது? மடகாஸ்கரில் அமெரிக்காவுக்கு அவசரமாக எதுவும் தேவைப்படவில்லை. எதிர்ப்பக்கம் எகிப்து: வருஷம் 130 கோடி டாலர் ராணுவ உதவி, 2013 கவிழ்ப்புக்குப் பிறகு ஒரு பகுதியை நிறுத்தி வைத்தார்கள், 2015-ல் திரும்பத் திறந்துவிட்டார்கள். நிறுத்த மாட்டார்கள் என்று கெய்ரோவுக்கு முதல் நாளே தெரியும்.

இது பொருந்தும் இடம்: எழுந்து போகத் தயாராக இருக்கிற கொடையாளிக்கு. நிபந்தனை ஒன்றோ இரண்டோதான் இருக்க வேண்டும், அதுவும் எண்ணிப் பார்க்கக் கூடியதாக. "நல்லாட்சியை மேம்படுத்துதல்" என்றெல்லாம் எழுதினால் அதைச் செய்துவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடலாம்.

## வழி மூன்று: அரசைச் சுற்றிக்கொண்டு போவது

அமைச்சகத்திடம் கொடுக்காமல் நேராக ஊருக்கு. ஏமனில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, 1997-ல் தொடங்கிய சமூக வளர்ச்சி நிதியம். உலக வங்கியும் ஐரோப்பியர்களும் வளைகுடா நாடுகளும் பணம் போட, பள்ளிக்கூடம், கிராமச் சாலை, மலைக் கிராமங்களில் மழைநீர்த் தொட்டி என்று கட்டிக்கொண்டே போனார்கள். மழைநீர்த் தொட்டியில் ஒரு வசதி, அதை ஒளித்து வைக்க முடியாது. கட்டினால் தண்ணீர் நிற்கும், சிமெண்டில் கைவைத்தால் ஒழுகும், எந்தத் தணிக்கையாளரும் வர வேண்டாம், குடத்தோடு வருகிற பெண்களே சொல்லிவிடுவார்கள்.

உள்நாட்டுப் போர் வந்த பிறகும் நிதியம் நிற்கவில்லை. 2016-லிருந்து உலக வங்கி ஐ.நா. அமைப்புகள் வழியாக அதற்குப் பணம் அனுப்பி வேலை நடந்தது. 2017-லிருந்து யுனிசெஃப் வழியாக சுமார் 15 லட்சம் குடும்பங்களுக்கு நேரடியாக ரொக்கம் போனது. அரசு இரண்டாக உடைந்த நாட்டில் இது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

செலவு? நல்ல பொறியாளரும் நல்ல கணக்காளரும் அமைச்சகத்தை விட்டுவிட்டு நிதியத்துக்கு வந்துவிடுவார்கள், சம்பளம் அங்கேதான். அமைச்சகம் இன்னும் காலியாகும். பள்ளிக்கூடம் கட்டுவது வெளிநாட்டுக்காரன் வேலை என்று ஆட்சியாளருக்குப் பழகிவிடும். அவர் பணம் வேறு பக்கம் போகும், ரிப்பன் வெட்ட மட்டும் வந்து நிற்பார். இந்தப் பக்கம் கொடுப்பவரின் மனநிலை மாறினால் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும், 2025-ல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டு மூடப்பட்டபோது எத்தனையோ நாடுகளில் பார்த்தோம். முக்கியமாக, தீவிரவாதியைப் பிடிக்க இந்த வழி உதவாது. தண்ணீர்த் தொட்டி யாரையும் கைது செய்யாது.

இது பொருந்தும் இடம்: ஆட்சி நம்பத்தக்கதல்ல, ஆனால் மக்களைக் கைவிட முடியாது என்ற நிலையில். போர்க்காலத்தில் வேறு வழியே இல்லை.

## வழி நாலு: கையை விரிப்பது

இதுதான் கேட்பதற்கு வீரமாக இருக்கும். 1990 நவம்பர் 29, குவைத்தைப் பிடித்திருந்த ஈராக் மீது படைபலத்தை அனுமதிக்கும் தீர்மானம் ஐ.நா. பாதுகாப்புச் சபையில். ஏமன் அப்போது உறுப்பினர், எதிர்த்து ஓட்டுப் போட்டது. நீங்கள் போட்ட ஓட்டுகளிலேயே விலை அதிகமான ஓட்டு இதுதான் என்று அமெரிக்கர்கள் ஏமன் தூதரிடம் சொன்னது பிரசித்தம். சுமார் 7 கோடி டாலர் உதவி போனது. அதைவிடப் பெரிய அடி சவூதியிலிருந்து: அங்கே வேலை செய்த லட்சக்கணக்கான ஏமனியர்கள் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஒரு தெருவில் நாலு வீட்டுக்கு மாதப் பணம் நின்றால் என்ன ஆகும் என்று தெரியும்.

சாலே விழுந்தாரா? இல்லை, இன்னும் 21 வருஷம் இருந்தார். திரும்பி வந்தவர்கள்தான் விழுந்தார்கள். அமெரிக்கா கண்ணை எடுத்த அந்தப் பத்து வருஷத்தில், ஆப்கானிஸ்தானில் சண்டையிட்டுத் திரும்பியவர்கள் ஏமனில் காலூன்றினார்கள். பாகிஸ்தானிலும் அதே 1990-ல், அணுகுண்டு வைத்திருந்தால் உதவி இல்லை என்ற அமெரிக்கச் சட்டமான பிரஸ்லர் திருத்தத்தின்படி உதவியை நிறுத்தினார்கள், அணுகுண்டு நிற்கவில்லை, 1998-ல் வெடித்தே காட்டினார்கள்; 2001-ல் அவசரமாகப் பேச வேண்டியபோது அமெரிக்காவில் பயிற்சி பெற்ற ஒரு தலைமுறை ராணுவ அதிகாரிகளே அங்கே இல்லை.

இது பொருந்தும் இடம்: உங்கள் பணத்தில் வாங்கிய துப்பாக்கி அந்த ஊர் மக்கள் மீதே திரும்பிவிட்டபோது. கெட்டவரைத் திருத்த இது பயன்படாது. பாவத்தில் பங்கில்லை என்று கை கழுவலாம், அவ்வளவுதான்.

## ஒரே பார்வையில்

| | பாதுகாப்பு முதலில் | நிபந்தனை | சுற்றுவழி | நிறுத்தம் |
|---|---|---|---|---|
| பிரச்சினை தீர்ந்தால் ஆட்சியாளருக்கு | நஷ்டம் | லாபம் ஆகலாம் | இரண்டும் இல்லை | இரண்டும் இல்லை |
| நிறுத்துவேன் என்றால் நம்புவாரா | மாட்டார் | தேவை குறைவாக இருந்தால் நம்புவார் | கவலைப்பட மாட்டார் | ஏற்கெனவே நிறுத்தியாயிற்று |
| பணத்தைத் தேட | மிகக் கஷ்டம் | நடுத்தரம் | எளிது | தேவையில்லை |
| மிஞ்சுவது | ஆயுதம் | சட்டப் புத்தகம், சில பழக்கங்கள் | தொட்டி, பள்ளி | கசப்பு |

## சரி, எதை எடுப்பது?

எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் என்று சொன்னால் போட்டியில் மார்க் போட மாட்டார்கள், அதுவும் நியாயம்தான். அதனால் இந்த வரிசையை மட்டும் பாருங்கள். 2005-ல் ஏமனில் அல்-கொய்தா அடங்கியிருந்தது, அப்போது சாலேக்குக் கிடைத்தது வெட்டு. மூன்று மாதம் கழித்து, 2006 பிப்ரவரியில், சனாவில் அரசியல் பாதுகாப்பு அமைப்பின் சிறையிலிருந்து 23 பேர் சுரங்கம் தோண்டிப் பக்கத்துப் பள்ளிவாசலுக்குள் ஏறித் தப்பினார்கள். உள்ளேயிருந்து உதவி கிடைத்தது என்று பலர் சந்தேகப்பட்டார்கள், சாலேக்கு அதில் கை இருந்ததென்று நிரூபணம் இல்லை, நானும் சொல்லவில்லை. தப்பியவர்களில் நாசிர் அல்-வுஹைஷியும் காசிம் அல்-ரைமியும் 2009-ல் அரேபியத் தீபகற்ப அல்-கொய்தாவைக் கட்டினார்கள். அந்த அமைப்பு டெட்ராய்ட் விமானத்துக்கு ஆள் அனுப்பியது. உதவி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, ஊழல் பேச்சு பின் வரிசைக்குப் போனது. சதி எதுவும் வேண்டாம் ஐயா, சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற ஆட்சியாளருக்கே கணக்குப் புரிந்துவிடும்: பாம்பு செத்தால் வருமானம் நிற்கும், பாம்பு சீறினால் ஹெலிகாப்டர் கேட்கலாம்.

நம் வண்டி இன்சூரன்ஸில் இதற்கு நேர் எதிரான ஏற்பாடு இருக்கிறது. வருஷம் முழுக்க இடிக்காமல் ஓட்டினால் அடுத்த பிரீமியத்தில் தள்ளுபடி, நோ கிளெய்ம் போனஸ். ஏமனில் இடித்தவருக்குத் தள்ளுபடி கொடுத்தார்கள்.

என் தேர்வு இரண்டாவது வழி, ஆனால் இரண்டு திருத்தத்தோடு. ஒன்று, தொகை ஐந்து வருஷத்துக்கு ஒரே தொகை, பயம் ஏறினாலும் ஒரு டாலர் ஏறக் கூடாது, அமைதியாகப் போன வருஷத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு பங்கு. இரண்டு, நிபந்தனை ஒன்றே ஒன்று, பயிற்சி பெறும் படைக்கு அதிபரின் வீட்டார் யாரும் தலைவராக இருக்கக் கூடாது. இதை எண்ணிப் பார்க்க மார்க் பட்டியல் எதற்கு, குடும்ப அட்டை போதும். மக்களுக்கான பணம் மூன்றாவது வழியில் தனியாகப் போகட்டும், அதை மிரட்டலுக்குப் பயன்படுத்தக் கூடாது. முதல் வழி, நாள் குறித்த ஒரு வேலைக்கு மட்டும்.

இதெல்லாம் சாலே ஒத்துக்கொண்டிருப்பாரா என்று அண்ணன் மகள் கேட்டாள். மகனை எடுக்கச் சொன்னால் பேச்சுவார்த்தை அன்றே முறிந்திருக்கும் என்றேன். "அப்போ அது தோல்விதானே சித்தப்பா?"

முறிந்திருந்தால் அந்த 50 கோடி டாலர் தளவாடம் போயிருக்காது என்றேன். 2014-ல் சாலே, அதுவரை ஆறு முறை சண்டை போட்ட அதே ஹூதிகளோடு கைகோர்த்தபோது, அவர் மகன் வளர்த்த படையின் பெரும் பகுதி அவர் பின்னால்தான் போனது. சனா விழுந்தது, அடுத்த வருஷம் நம் கடற்படைக் கப்பல்களும் ஏர் இந்தியா விமானங்களும் போய் நாலாயிரத்துச் சொச்சம் இந்தியர்களை மீட்டு வர வேண்டியிருந்தது, அதில் நர்ஸ்கள் எத்தனையோ பேர். 2017 டிசம்பரில் சாலே மறுபடி பக்கம் மாறப் பார்த்தார், ஹூதிகள் கொன்றுவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ஏமன் நாற்காலியில் உட்காரப் போவது அவள் ஹாஸ்டல் அறைத் தோழியாம், அவளிடம் இதையெல்லாம் சொல்லிவிட வேண்டாம் என்றாள்.